திருகோணமலையில் அசேலியா வாடினால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

சித்திரை லீவுக்கு நுவரெலியா போய் வருகிறவர்கள் பலபேர் திரும்பும்போது ஒரு அசேலியாச் சாடியையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாங்கும்போது இலை தெரியாத அளவுக்குப் பூ இருக்கும். திருகோணமலை வந்து இரண்டு மூன்று கிழமையில் மொட்டு கருகும், இலை மஞ்சளாகும், செடி தொங்கும், அப்புறம் படம் எடுத்து அனுப்பி “இதுக்கு என்ன உரம் போடலாம்” என்று கேட்பார்கள். உரம் கடைசியாகப் பேச வேண்டிய விஷயம். நோயில் கிடக்கிற செடிக்கு உரம் போட்டால் மிச்சமிருக்கிற வேரும் போய்விடும்.

அதனால் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் இதற்கு அடுத்த இரண்டு பகுதியையும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள், அது தெரியாமல் கீழே சொல்கிற வைத்தியம் எதுவும் சரிவராது.

செடிக்கு என்ன பழக்கம்

அசேலியா, ரோடோடென்ட்ரன் என்ற பேரினத்துக்குள் வருகிற செடி. ஹோர்ட்டன் சமவெளியில் மரமாக நின்று சிவப்புக் கொத்தாய்ப் பூக்கிறதே, அதுவும் அதே பேரினம்தான். இந்தக் குடும்பத்துக்குக் குளிர்ந்த இரவு வேண்டும், புளிப்பான மண் வேண்டும் (பி.எச். என்ற புளிப்பு அளவில் 4.5 முதல் 6 வரை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), வேருக்கு ஈரமும் காற்றும் ஒன்றாகவே கிடைக்க வேண்டும். வேர் தலைமயிர் போல மெல்லியது, மேல்மண்ணிலேயே பாயாகப் பரவும், ஆழம் போகாது. காய்ந்தாலும் சாகும், தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் சாகும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரைப் பாகை அளவுக்கு வெப்பம் குறையும், அந்தக் கணக்கில் அங்கேயும் இங்கேயும் 12 பாகை வித்தியாசம். பகல் வெயிலை நிழல் வலை கட்டித் தடுக்கலாம், இரவுச் சூட்டைத் தடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. பகலில் இலை செய்து சேர்த்த சீனியைச் சூடான இரவில் செடி சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. வளரவும் மொட்டு வைக்கவும் மிச்சம் இருக்காது.

எனவே நேராகவே சொல்கிறேன், மலைநாட்டு அசேலியாவைத் திருகோணமலையில் வருடா வருடம் பூக்க வைக்க முடியாது. யாராவது “இந்த மருந்து போட்டால் பூக்கும்” என்று விற்றால் வாங்காதீர்கள். ஆனால் வாங்கி வந்த பூவை ஒரு மொட்டு விடாமல் விரிய வைத்துப் பார்க்கலாம், செடியைப் பச்சையாக நல்ல காலம் வைத்திருக்கலாம். இங்கே சாகிற அசேலியாக்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் சூட்டால் செத்தவை அல்ல. தண்ணீரும் சுண்ணாம்பும்தான் கொன்றிருந்தன, இரண்டுமே நம் கையில் இருக்கிற விஷயம்.

முதலில் இந்தச் சோதனைகள்

சாடியைத் தூக்கிப் பாருங்கள். கனமா, லேசா? இந்த ஒன்றே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

அடுத்து, மஞ்சளாகியிருக்கிற இலை நுனியில் இருக்கிற இளசா, அடியில் இருக்கிற முதிர்ந்ததா என்று பாருங்கள். இலையைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பாருங்கள், பூச்சி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினாகிரி ஊற்றுங்கள், நுரைத்து ‘சர்’ரென்று சத்தம் வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வளவுகளில் சிப்பியும் பவளத் துண்டும் கலந்த மணலாக இருந்தால் பொங்கியே வரும். தண்ணீரைச் சோதிக்கக் கேத்திலைத் திறந்து உள்ளே பாருங்கள். வெள்ளையாய்ப் படலம் கட்டியிருந்தால் உங்கள் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதே தண்ணீரைத்தான் செடிக்கும் தினம் ஊற்றுகிறீர்கள்.

வந்த கிழமையே மொட்டு கருகி உதிர்கிறது

நோய் இல்லை, பயண அலுப்பு. நுவரெலியாவில் விடியப்புறம் குளிரில் நின்ற செடி, கண்டி இறங்கி, தம்புள்ளை, ஹபரணை தாண்டி, பூட்டிய வானுக்குள் ஆறேழு மணித்தியாலம் வெந்து வருகிறது. வேர்க்கட்டி காய்ந்தால் செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான்.

வந்தவுடன் வெயிலில் வைக்காதீர்கள், மின்விசிறிக் காற்றுக்கும் வைக்காதீர்கள். காலை வெயில் ஒரு மணித்தியாலம் மட்டும் படுகிற விறாந்தை, வீட்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கம், நல்ல இடம். சாடியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்பு வரை இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை விட்டு, எடுத்து வடிய விடுங்கள். முழுசாய் விரிந்த பூவைத் தண்ணீர் படாமல் வைத்தால் கூடுதல் நாள் நிற்கும். வாடிய பூவை அன்றன்றே கிள்ளிவிடுங்கள், இங்கத்தைய ஈரக்காற்றில் அது அழுகிப் பக்கத்து மொட்டையும் பிடிக்கும்.

வாங்கும்போதே ஒரு விஷயம் பார்த்தால் பாதிச் சிக்கல் குறையும். எல்லாம் விரிந்த செடியை விட்டுவிட்டு, சில பூ விரிந்து மிச்சம் நிறம் தெரிகிற மொட்டாக இருக்கிறதை எடுங்கள். பச்சையாக இறுகி நிற்கிற மொட்டு நம் சூட்டில் பெரும்பாலும் விரியாது.

செடி தொங்குகிறது

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் செடியைக் கொல்கிறார்கள், ஏனென்றால் தொங்குகிற செடியைக் கண்டவுடன் கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போகிறது. தொங்குவதற்கு இரண்டு நேரெதிர்க் காரணம் இருக்கிறது, வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

சாடி லேசாக இருந்தால் தாகம். இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. மேலே தண்ணீர் ஊற்றினீர்கள், அடியால் வடிந்தது, ஊற்றியாயிற்று என்று நினைப்பீர்கள், ஆனால் ஒரு தடவை நன்றாகக் காய்ந்துபோன வேர்க்கட்டி தண்ணீரை உள்ளே விடாது, சாடிச் சுவருக்கும் கட்டிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியால் தண்ணீர் ஓடிப்போகும், உள்ளே தூள் பறக்கும். மேலே சொன்ன வாளி முறைதான் இதற்கு வழி, அரை மணித்தியாலம் ஊற விடுங்கள். மாலைக்குள் செடி நிமிர்ந்தால் பிரச்சினை தீர்ந்தது.

சாடி கனமாக இருந்து, மண் ஈரமாக இருந்து, செடி தொங்கினால் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். வேர் அழுகுகிறது. தண்ணீர் இருக்கிறது, உறிஞ்ச வேர் இல்லை. ஃபைட்டோஃப்தோரா என்ற நீர்ப்பூஞ்சை வகைதான் இந்தக் குடும்பத்தின் பெரிய எதிரி, சூடான ஈரமண்ணில் அது வேகமாகப் பரவும், திருகோணமலையின் மாரிக்காலச் சாடி அதற்கு அளவெடுத்துச் செய்த இடம். இலை மந்தமான பச்சையாகி, நீளவாக்கில் சுருண்டு, உதிராமல் கொப்பிலேயே தொங்கும். உறுதிப்படுத்த சாடியைக் கவிழ்த்துச் செடியைக் கட்டியோடு எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாய் அல்லது வெளிறிய மண் நிறத்தில் இருக்கும், இழுத்தால் இறுக்கமாக இருக்கும். அழுகிய வேர் கரும்பழுப்பு, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். தண்டு மண்ணில் இறங்குகிற இடத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை இருந்தால் நம்பிக்கை இருக்கிறது, செங்கல் பழுப்பு நிறம் வளையமாகச் சுற்றியிருந்தால் காப்பாற்ற முடியாது. பூஞ்சை மருந்து நல்ல வேரைக் காக்க உதவும், செத்த வேரை எழுப்பாது. அந்தச் செடியையும் மண்ணையும் கட்டி எறிந்துவிடுங்கள், பசளைக் குழிக்குள் போட வேண்டாம், சாடியைக் கழுவி நல்ல வெயிலில் காய வைக்காமல் வேறு செடி நடவும் வேண்டாம்.

பாதி வேர் மிஞ்சியிருந்தால், அழுகியதை வெட்டி எறிந்து, மேல் கொப்புகளிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, புதுக் கலவையில் வையுங்கள். கலவைக்கு நான் சொல்வது: கழுவிய தும்புச் சோறு, சிறு துண்டாய் வெட்டிய தும்பு, நன்றாக மட்கிய இலை, கொஞ்சம் பரும்படியான ஆற்று மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஊர் நம்முடையது, ஆற்று மணலுக்குத் தூரம் போகத் தேவையில்லை, வினாகிரி ஊற்றிப் பார்த்து நுரைக்காததை எடுங்கள். தும்புச் சோற்றில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டே பாவியுங்கள். தம்பலகாமத்து உமி கிடைத்தால் பச்சை உமியாக ஒரு பங்கு சேர்க்கலாம், உமிச் சாம்பல் சேர்க்கக் கூடாது, சாம்பல் எதுவானாலும் மண்ணின் புளிப்பைக் கொன்றுவிடும்.

நடும்போது பழைய மண்மட்டத்தைவிட ஒரு விரல் உயரமாகவே வேர்க்கட்டி நிற்கட்டும். தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அங்கிருந்தே அழுகல் தொடங்கும். சாடிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குகிற வழக்கத்தை இந்தச் செடிக்கு விட்டுவிடுங்கள், இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் சாடி கூரைக்குள் இருக்க வேண்டும்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

நுனி இலைகள் எலுமிச்சை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை வலையாகத் தெரிகிறதா? இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. மண்ணில் சுண்ணாம்பு கூடிப் பி.எச். ஏறினால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும், பக்கத்திலேயே இருந்தும் வேரால் எடுக்க முடியாது. எனவே ஆணி, துருப்பிடித்த தகரம் என்று சாடிக்குள் புதைப்பதால் பயன் இல்லை.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். கிணற்றுத் தண்ணீர் முதல் சந்தேகம். சீமெந்துச் சாடி இரண்டாவது, அதுவும் புதிதாய் வார்த்ததாக இருந்தால் மாதக்கணக்கில் சுண்ணாம்பு கசியும். வெள்ளையடித்த மதிலோரம், வீடு கட்டும்போது கொட்டிய சாந்துக் குவியலுக்குப் பக்கம், முட்டைக்கோது போட்ட சாடி, அடுப்புச் சாம்பல் தூவிய சாடி, இவை எல்லாம் ஒரே கணக்கு. முட்டைக்கோதும் சாம்பலும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்லதென்று எல்லாச் சாடிக்கும் சமமாகப் போடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, இந்தச் செடிக்கு மட்டும் விதிவிலக்கு வையுங்கள்.

சரி செய்வது இரண்டு கட்டம். உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி, அதாவது இரும்புச் சல்பேட், ஒரு லீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கரைத்து, மாலையில் இலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. பூவில் படாமல், சீமெந்துத் தரையில் சிந்தாமல் பாருங்கள், கறை போகாது. கடையில் கிலேட் இரும்பு (இரும்பு கரையாமல் போய்விடாதபடி பிடித்து வைத்திருக்கிற கலவை) என்று விற்பதை வாங்கினால் பொதியை வாசித்து வாங்குங்கள்: ஈ.டி.டி.ஏ. (EDTA) என்று இருப்பது பி.எச். ஆறரைக்கு மேல் போனால் பிடியை விட்டுவிடும், ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று இருப்பதுதான் சுண்ணாம்பு மண்ணிலும் வேலை செய்யும்.

அது நிவாரணம் மட்டும். நிரந்தர வழி தண்ணீரை மாற்றுவது. மழைத்தண்ணீரைவிட நல்லது இதற்கு இல்லை. மாரி தொடங்கி முதல் இரண்டு மழையில் கூரையைக் கழுவ விட்டு, அப்புறம் வருகிறதைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள், நுளம்பு வராமல் வலையும் கட்டுங்கள். சீமெந்துத் தொட்டியில் சேர்த்தால் மழைத்தண்ணீரும் சுண்ணாம்பு ஏறிவிடும். ஒரு சாடிக்கு எவ்வளவு தேவைப்படப் போகிறது, இரண்டு பீப்பாய் இருந்தால் கோடையில் நெடுநாள் ஓட்டலாம்.

தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள். சில நாள் உதவும், மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அது அந்தப் புளிப்பைத் தின்று தீர்த்துவிடும், பழையபடி மஞ்சள் வரும். கந்தகத்தூள் நல்லதுதான், ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்ற மாதங்கள் எடுக்கும், அவசரத்துக்கு ஆகாது. சிப்பி மணல் நிலத்தில் கந்தகத்தைக் கொட்டுவதில் அர்த்தமே இல்லை, அந்தச் சுண்ணாம்பு முடியாது. அப்படிப்பட்ட வளவில் நிலத்தில் நடும் எண்ணத்தை விட்டுவிட்டுச் சாடியோடு நில்லுங்கள்.

மஞ்சள் வேறு மாதிரி இருந்தால் காரணமும் வேறு. அடி இலைகள் முழுசாய் வெளிறினால் நைதரசன் குறைவு, அமோனியம் சல்பேட் ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றலாம், அது மண்ணையும் கொஞ்சம் புளிப்பாக்கும். அடி இலைகளில் நரம்புக்கு இடையே மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியம் குறைவு, அதற்கு எப்சம் உப்பு. முதிர்ந்த இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இலை ஓரம் கருகுகிறது

ஓரமும் நுனியும் பழுப்பாகி நொறுங்கினால் மூன்று சந்தேகம்: உப்பு, காற்று, உரம்.

கடலோரக் கிணறுகள் கோடை முற்ற முற்ற உவர்க்கும், குடித்துப் பார்த்தாலே தெரியும். சாடி மண்ணின் மேல் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி அடியால் ஓட விட்டுக் கழுவுங்கள்.

கச்சான் காற்று அடுத்தது. மலையைத் தாண்டும்போது ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கி வருகிற காற்று, வைகாசி தொடங்கி வீசும்போது துணி அரை மணித்தியாலத்தில் காய்கிறதே, இலைக்கும் அதேதான் நடக்கிறது. வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை இழக்கிற வேகம் கூடினால் ஓரம் முதலில் கருகும். தென்மேற்குப் பக்கம் சுவரோ, ஓலை மறைப்போ, அடர்ந்த வேறு செடியோ இருக்கட்டும். மேல்மண்ணை மூடி மட்கிய இலையோ தும்போ இரண்டு விரல் தடிப்புக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி வெயிலில் வேரை அவித்துவிடும், மண்சாடிக்குள் இறக்கி வைத்தால் வித்தியாசம் தெரியும்.

உரம் என்றால், போட்டதை நிறுத்துங்கள், மேலே சொன்னபடி கழுவுங்கள். கச்சான் வீசுகிற மாதங்களில் உரமே வேண்டாம்.

இலை மேலே சாம்பல் புள்ளி

வெள்ளைத்தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நடந்தால் செஞ்சிலந்திப் பேன். சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீரைப் பீச்சி அடியுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, அதுவே பெரும்பாலும் போதும். அடிப்பக்கம் தார்ப்புள்ளி போலக் கறுப்பாய் எச்சம் ஒட்டியிருந்தால் சாறுறிஞ்சும் பூச்சி, ஒரு லீட்டருக்கு 5 மில்லிலீட்டர் வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சவர்க்காரமும் கலந்து மாலையில் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும்.

இலை கொழுக்கட்டை போல வீங்கியிருக்கிறது

வெளிர்பச்சையாய்த் தடித்து, அப்புறம் மேலே வெள்ளை மா பூசியது போல ஆகும். எக்சோபாசிடியம் என்ற பூஞ்சை. 1946இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை உலுக்கிய கொப்புள நோயும் இதே பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சையால் வருவதுதான். பார்க்கப் பயமாக இருந்தாலும் செடியைக் கொல்லாது. வெள்ளை வருமுன் கிள்ளி எரித்துவிடுங்கள், போதும்.

பச்சையாக நன்றாய் நிற்கிறது, பூக்கவே இல்லை

இத்தனை கவனித்துக் காப்பாற்றியவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும், பதில் மனதுக்குக் கஷ்டம். இந்தச் செடி கோடையில் கொப்பு நுனியில் மொட்டைக் கருவாக வைத்துக்கொள்ளும், அப்புறம் உறங்கும். உறக்கம் கலைய 10 பாகைக்குக் கீழே பல கிழமைக் குளிர் வேண்டும். தை, மாசி இரவுகளில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிறதே, அதுதான் சித்திரைப் பூவுக்குத் திறப்பு. நம் ஊரில் மார்கழி வாடைக்காற்றிலும் இருபதுக்கு மேல்தான் நிற்கும். பொசுபரசு உரம், வெங்காயத் தோல் தண்ணீர், வாழைப்பழத் தோல், எதுவும் குளிருக்குப் பதிலாகாது.

வைரியா என்று ஒரு பிரிவு இருக்கிறது, போர்னியோ, நியூகினி பக்கத்து வெப்பமண்டல ரோடோடென்ட்ரன்கள். பூக்கக் குளிர் தேவையில்லை. என்றாலும் அவற்றிலும் பெரும்பாலானவை மலைச்செடிகள், கடற்கரைச் சூட்டுக்கு வந்தவை சொற்பம். எங்காவது கிடைத்தால் முயன்று பார்க்கலாம்.

யாரோ கடித்திருக்கிறார்கள்

கடித்ததைவிடக் கடித்தவரைப் பாருங்கள். அசேலியாவிலும் ரோடோடென்ட்ரனிலும் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரயனோடொக்சின் என்ற நஞ்சு இருக்கும். கி.மு. 401இல் கருங்கடல் கரையால் ஊர் திரும்பிய கிரேக்கப் படை இந்தப் பூத்தேனை உண்டு நிற்க முடியாமல் விழுந்ததை அந்தப் படையில் இருந்த செனஃபன் எழுதி வைத்திருக்கிறார். ஆடு கொஞ்சம் இலை தின்றாலே நுரை தள்ளி, சத்தி எடுத்து, இதயத் துடிப்பு விழும். உங்கள் ஆடோ நாயோ தின்றுவிட்டால் அறிகுறி வரும்வரை பார்த்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள், எந்தச் செடி என்று காட்ட ஒரு கொப்பையும் கொண்டு போங்கள். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம், நகரத்தில் மான்கள் வாசல் வரை வருகிற தெருக்களில், சாடியைக் கேற்றுக்கு உள்ளேயே வையுங்கள். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் சாடி உயரத்தில் இருக்கட்டும்.

சிவப்புக் கொத்து வாசலில் வேண்டும் என்பதுதான் ஆசை என்றால்

வெட்சி வையுங்கள். எக்சோரா என்று கேட்டால் எந்தச் செடிக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி, நம் வெயிலில் நின்று பூக்கும், குளிர் கேட்காது, பூசைக்கும் ஆகும். ஒருவகையில் அசேலியாவின் ஆசையையும் கோபத்தையும் அப்படியே கொண்ட செடி, அதற்கும் புளிப்பு மண்தான் வேண்டும், சுண்ணாம்பு பட்டால் அதே மாதிரி நரம்பு பச்சையாய் இலை மஞ்சளாகும். மதில் அத்திவாரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள், மேலே சொன்ன அன்னபேதியும் மழைத்தண்ணீரும் அதற்கும் பொருந்தும். இலையில் கரி பூசியது போலக் கறுப்பு ஏறினால் தண்டில் செதில் பூச்சி இருக்கும், எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பின் பாதையை முதலில் தடுத்து, வேப்பெண்ணெய் தெளியுங்கள், கறுப்பு தானாக உரியும். பூ குறைந்தால் பூத்து முடிந்த கொத்துகளை இரண்டு கணு கீழே வெட்டிவிடுங்கள், புதுத்துளிரின் நுனியில்தான் அது பூக்கும், வெட்டாமல் விட்டால் பூ உயரம் போய்க்கொண்டே இருக்கும். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும், வேம்பு நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

மலைக்குப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு

ரோடோடென்ட்ரனை அதன் இடத்தில் பார்ப்பதற்கு நிகர் எதுவும் இல்லை, ஒருமுறையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இலங்கையில் இயற்கையாக வளர்வது ஒரே ஒரு ரோடோடென்ட்ரன்தான், இமயமலையில் வளர்கிற, நேபாளம் தேசிய மலராக வைத்திருக்கிற ரோடோடென்ட்ரன் ஆர்போரியம் இனத்தின் இலங்கைக்கே உரிய துணையினம். ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளி ஓரங்களில் முறுக்கிய அடிமரத்தோடு நிற்கும், சிவனொளிபாதமலைப் பக்கமும் உண்டு. நீலகிரியில் இதற்கு ஒரு உறவு இருக்கிறது, காட்டுப்பூவரசு என்பார்கள்.

அங்கே போனவர்கள் இரண்டு விஷயம் கேட்பார்கள். இலைக்கு அடியில் துருப்பிடித்த மாதிரி பழுப்பாய் இருக்கிறதே, நோயா என்பது ஒன்று. இல்லை, அது மரத்தின் சொந்த ரோமப் படலம். விரலால் தடவினால் கம்பளித்துணி போல இருக்கும், மலைக்காற்றிலும் வெயிலிலும் இலை ஈரத்தை இழக்காமல் அது காக்கிறது. மேல்பக்கம் தடித்த கரும்பச்சை, அடியில் செம்பழுப்பு, காற்றில் புரளும்போது மரமே நிறம் மாறும்.

போனோம், பூவே இல்லை என்பது மற்றது. எல்லா மரமும் ஒரே கிழமையில் பூப்பதில்லை, ஒரு மரம் சிவந்து நிற்கும்போது பக்கத்து மரம் மொட்டில் இருக்கும். பங்குனி, சித்திரையை ஒட்டிப் போவது நல்லது. வெள்ளனவே உள்ளே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறினால் பூத்த மரமும் கண்ணுக்குத் தெரியாது. ரயிலில் போகிறவர்கள் பட்டிப்பொலவில் இறங்கினால் வசதி, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அது. அசேலியாவும் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாவிலிருந்து சீதா எலிய அம்மன் கோவிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஹக்கல பூங்கா இருக்கிறது, 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம்.

கொப்பு ஒடித்து வருவதோ கன்று பிடுங்கி வருவதோ வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, சட்டப்படி குற்றம். பிடுங்கிய கன்று வழியில் தம்புள்ளை தாண்டுவதே சந்தேகம், அதன் வேர் அந்த மண்ணில் இருக்கிற பூஞ்சையோடு கூட்டுச் சேர்ந்து வாழ்கிறது, மண்ணிலிருந்து பிரித்தால் அந்தக் கூட்டும் போய்விடும். வாங்குவதென்றால் நுவரெலியாச் செடிக் கடைகளில் சாடியில் வேர் பிடித்த அசேலியாவை, சில பூ விரிந்து மிச்சம் நிறம் கண்ட மொட்டோடு, கிளம்புகிற அன்று காலையில் வாங்குங்கள், வேர்க்கட்டியை நனைத்து, ஈரச் சாக்கால் சாடியைச் சுற்றி, வானின் தரையில் வெயில் படாத பக்கம் வையுங்கள்.